மணியோசை இல்லாமல் வரும் யானைகள்

போன வாரம் இன்னொரு திரைக்கதை வந்து சேர்ந்தது. நான் வி.எஃப்.எக்ஸ் துறையில் விலங்கு அனிமேஷன் செய்கிறவன். எத்தனை ஷாட்டில் விலங்கு வருகிறது, எவ்வளவு நாள் பிடிக்கும், எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதற்காகத்தான் திரைக்கதைகள் என்னிடம் வரும். கதை எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, நானும் வாய் திறப்பதில்லை. ஆனால் இந்த வருடத்தில் இது நான்காவது டைனோசர் கதை. நான்கிலும் ஒரே வியாதி. இனிமேலும் சும்மா இருந்தால் எனக்குத்தான் ரத்தக்கொதிப்பு வரும்.

மூன்றாம் பக்கத்திலேயே டைனோசர் வந்துவிட்டது. பத்தாம் பக்கத்துக்குள் ஐந்து வகை. பாதிக் கதையில் ஒரு கலப்பினம்: டி-ரெக்ஸைவிட இரண்டு மடங்கு பெரியது, நான்கு கைகள், முதுகில் முள். பக்கத்தில் இயக்குநரின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: ‘இது வந்ததும் தியேட்டரே அதிரணும்.’

அதிராது சார். தியேட்டரில் பாதிப் பேர் அந்த நேரத்தில் செல்போனை எடுத்துப் பார்ப்பார்கள்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். டைனோசர் படத்தில் நாம் காசு கொடுத்துப் பார்ப்பது பெரும்பாலும் அந்த மணியோசையைத்தான். 1993-ல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ இரண்டு மணி ஏழு நிமிடப் படம். அதில் டைனோசர்கள் திரையில் இருப்பது சுமார் 15 நிமிடம். நம்பாதவர்கள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். டி-ரெக்ஸ் வேலியைத் தாண்டி வெளியே வருவதற்கே ஒரு மணி நேரம் ஆகிறது.

அந்த ஒரு மணி நேரம் படம் சும்மா இருக்கிறதா? பகலில் அதே வேலிக்கு முன்னால் காரை நிறுத்துகிறார்கள். ஆட்டைக் கட்டிவைத்துக் காத்திருக்கிறார்கள். டி-ரெக்ஸ் வரவே இல்லை. ஏமாற்றத்தோடு கிளம்புகிறார்கள். இரவில் மின்சாரம் போய், மழையும் பிடித்து, கார்கள் திரும்ப அதே இடத்தில் நின்றுவிடுகின்றன. டம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாக அதிர்வு. ஆட்டைக் காணோம். கார்க் கூரைக் கண்ணாடியில் ஒரு ஆட்டுக்கால் தொப்பென்று விழுகிறது. அப்புறம் வேலிக் கம்பியைத் தொடுகிற சின்னக் கை. கம்பியில் மின்சாரம் இல்லை என்பது நமக்குப் புரிகிற அந்த நொடியில் இன்னும் முழு விலங்கையும் காட்டவில்லை! எல்லாருக்கும் அதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தத் தாக்குதல் காட்சியில் பின்னணி இசையே கிடையாது. ஜான் வில்லியம்ஸ் போன்ற ஓர் இசையமைப்பாளர் கையில் இருந்தும், மழைக்கும் மூச்சுக்கும் மட்டுமே இடம் விட்டிருக்கிறார்கள்.

அந்தத் தண்ணீர் வளையத்துக்குக் கணினி தேவைப்படவில்லை என்பது எங்கள் ஆட்கள் அடிக்கடி சொல்லும் கதை. மைக்கேல் லான்டியரி என்கிற எஃபெக்ட்ஸ் கலைஞர் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு கிட்டார் கம்பியைப் பொருத்திக் கீழேயிருந்து மீட்டவைத்தார். அவ்வளவுதான் செலவு.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். எனக்கு மிகவும் எரிச்சல் தருகிற பதில் அது: ‘அப்போ டெக்னாலஜி இல்லை சார், அதனால்தான் மறைத்து மறைத்துக் காட்டினார்கள். இப்போ நம்மிடம்தான் எல்லாம் இருக்கிறதே.’

தொழில்நுட்பம் அன்றைக்குக் கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஸ்டான் வின்ஸ்டன் குழு கட்டிய அந்த இயந்திர டி-ரெக்ஸின் தோல் மழையில் தண்ணீரை உறிஞ்சி, எடை கூடி, தன்பாட்டுக்கு நடுங்க ஆரம்பித்தது. ஷாட்டுக்கு ஷாட் ஆட்கள் நின்று துடைத்துக் காயவைத்தார்கள். ஆனால் அதே படத்தில் பட்டப்பகலில் ஒரு கலிமிமஸ் கூட்டமே புல்வெளியில் ஓடுகிறது. பிராக்கியோசாரஸ் தலை முதல் கால் வரை வெயிலில் நிற்கிறது. காட்ட முடிந்த இடத்தில் தாராளமாகக் காட்டினார்கள். காட்ட வேண்டாம் என்று முடிவு செய்த இடத்தில் காட்டவில்லை. இரண்டும் இயக்குநரின் முடிவு. அந்த பிராக்கியோசாரஸ் காட்சியிலும் முதலில் வருவது விலங்கு கிடையாது. கதாநாயகனான ஆய்வாளர் டாக்டர் கிராண்ட் ஜீப்பில் எழுந்து நின்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுகிறார். குனிந்து ஒரு இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற சக ஆய்வாளர் எல்லியின் தலையைப் பிடித்துத் திருப்புகிறார். இரண்டு முகங்களைப் பார்த்தபிறகுதான் நமக்கு விலங்கு. அந்த முகங்கள் இல்லாவிட்டால் நான் எத்தனை மாதம் உட்கார்ந்து தோல் சுருக்கம் வரைந்தாலும் பிரயோஜனம் இல்லை.

அடுத்து, ‘பெரிசு’. 2001-ல் ஜுராசிக் வரிசையின் மூன்றாம் படத்தில் ஸ்பினோசாரஸைக் கொண்டுவந்து, டி-ரெக்ஸின் கழுத்தை முறிக்க வைத்தார்கள். இதோ இதைவிடப் பெரியவன் வந்துவிட்டான் என்று அறிவிக்கிற காட்சி. அதை இன்றுவரை திட்டுகிற ரசிகர்கள் உண்டு. ஆனால் அதே படத்தில் எல்லாரும் ஞாபகம் வைத்திருப்பது எதை? சாட்டிலைட் போன் ஒலிக்கும் இடத்தை. தொலைந்த பையன் அந்த மணிச் சத்தத்தை வைத்துப் பெற்றோரைக் கண்டுபிடிக்கிறான். சந்தோஷத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதுதான், போன் தன்னிடம் இல்லை என்பது அப்பாவுக்கு உறைக்கிறது. போனை வைத்திருந்த ஆளை ஸ்பினோசாரஸ் ஏற்கெனவே விழுங்கிவிட்டது. மணி அதன் வயிற்றுக்குள்ளிருந்து அடிக்கிறது. மணியோசை என்று நான் சொன்னதை இதைவிட நேராகச் செய்துகாட்ட முடியாது. கழுத்தை முறித்ததில் வராத பயம் ஒரு ரிங்டோனில் வந்தது.

‘2015 படத்தின் வசூலைப் பாருங்கள் சார், கலப்பினம்தானே ஓடியது?’ பார்த்தேன். ‘ஜுராசிக் வேர்ல்டு’ உலகம் முழுக்கச் சுமார் 167 கோடி டாலர். பதினான்கு வருட இடைவெளிக்குப் பிறகு வந்த படம் அது. முதல் படத்தில் கடைசிவரை திறக்கவே திறக்காத பூங்கா அங்கே திறந்து, ஆயிரக்கணக்கில் ஆட்கள் டிக்கெட் வாங்கிச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். புதுசு என்றால் அதுதான் புதுசு. சும்மா பெரிதாக்கினால் எங்கே போய் நிற்கும் என்ற கேலியும் படத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்கடுத்து 2018-ல் சுமார் 131 கோடி, 2022-ல் 100 கோடிச் சொச்சம். இரண்டு படத்திலும் விலங்குகளுக்குக் குறைவில்லை. 2022 படத்தில் ராட்சத வெட்டுக்கிளிகள்கூட உண்டு. டைனோசர் படத்தில் வெட்டுக்கிளி! அதை அனிமேட் செய்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, சம்பளத்துக்குச் செய்தார்கள்.

2015 படத்தில் என்னைக் கலங்கவைத்தது, வயலில் விழுந்து செத்துக்கொண்டிருக்கும் அபடோசாரஸ். இவ்வளவு கணினி வசதி வந்தபிறகும் அந்தக் காட்சிக்காக நிஜமாகவே ஒரு இயந்திரத் தலையைச் செய்து, நடிகர்கள் அதைத் தடவிப் பேசும்படி விட்டார்கள். தொடுவதற்கு ஏதாவது இருந்தால் நடிகரின் கை பொய் சொல்லாது. கம்பின் நுனியில் டென்னிஸ் பந்தைக் கட்டி, ‘இதைப் பார்த்துப் பயப்படுங்கள்’ என்று சொல்லும் இயக்குநர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

எங்கள் வேலையைப் பற்றியும் கொஞ்சம். பெரிய விலங்கு வேகமாக அசைந்தால் சின்ன விலங்காகத் தெரியும். ஒரு பொருள் நான்கு மடங்கு உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொட இரண்டு மடங்கு நேரம் ஆகும். இயற்பியல் படிக்காதவர் கண்ணுக்கும் இந்தக் கணக்கு தெரியும். எட்டு டன் எடையுள்ள டி-ரெக்ஸை நாய்க்குட்டி மாதிரி திருப்பச் சொல்லி என்னிடம் கேட்காதீர்கள். கேட்கிறார்கள். செய்து கொடுக்கிறேன். பிறகு ‘பொம்மை மாதிரி இருக்கிறதே, ரெண்டர் (கணினி இறுதிப் படமாக்குவது) சரியில்லையா?’ என்று என்னையே கேட்கிறார்கள். கேமராவும் அப்படித்தான். முதல் படத்தில் டி-ரெக்ஸை நாம் பெரும்பாலும் காருக்குள்ளிருந்தோ, சேற்றில் கிடப்பவன் உயரத்திலிருந்தோ பார்க்கிறோம். பல்லுக்கு நடுவே புகுந்து மூக்கு வழியாக வெளியேறும் கேமராவுக்குப் பின்னால் ஒரு மனிதன் நிற்க முடியாது. அங்கே பயப்பட யாரும் இல்லை.

ஃபில் டிப்பட் கதை தெரியுமா? பொம்மைகளை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி உயிர் கொடுத்தவர். கணினியில் செய்த டைனோசர் ஓட்டத்தைப் பார்த்ததும் தன் இனமே அழிந்துவிட்டது என்று சொன்னாராம். அந்த வசனமே படத்தில் ஏறியது. ஆனால் இயக்குநர் ஸ்பீல்பெர்க் அவரை அனுப்பிவிடவில்லை. விலங்கு எப்படி நடக்கும், எப்போது தயங்கும் என்று கணினிக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்துக்கொண்டார். தயங்குவது என்ற ஒன்றை எந்த மென்பொருளும் தானாகச் செய்வதில்லை.

இரண்டாம் பாகம் எழுதுகிறவர்களே, உங்களுக்கு ஒரு கேள்விதான். உயிர் பிழைத்து வந்தவன் எதற்காகத் திரும்பப் போகிறான்? 1997-ல் வந்த இரண்டாம் படத்தில் நாயகனின் காதலி ஏற்கெனவே அந்தத் தீவில் இருக்கிறாள், போயே ஆக வேண்டும். 2001-ல் தொலைந்த பையனின் பெற்றோர் கிராண்டைப் பொய் சொல்லி அழைத்துப்போகிறார்கள். 2018-ல் எரிமலை வெடிக்கப் போகிறது, முன்பு துரத்திய விலங்குகளை இப்போது காப்பாற்ற வேண்டும். காரணம் பலமோ பலவீனமோ, ஏதோ ஒன்று இருக்கிறது. ‘ஆராய்ச்சிக்காக’ என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். மிருகத்தைப் பெரிதாக்குவதற்குப் பதில் இடத்தை மாற்றுங்கள். 1997 படத்தில் ராப்டர்கள் என்கிற வேட்டை டைனோசர்களின் அளவு கூடவில்லை. ஆளுயரப் புல்லுக்குள் விட்டார்கள். மேலேயிருந்து பார்த்தால் புல்லில் கோடுகள் மட்டும் நாலா பக்கமிருந்தும் நெருங்கி வருகின்றன. அனிமேட்டராகச் சொல்கிறேன், அந்த ஷாட்டில் எங்களுக்குப் பெரிய வேலையே இல்லை. பொறாமையாக இருக்கிறது.

வேலியையும் மறந்துவிடாதீர்கள். உள்ளே, வெளியே என்ற கோடு இல்லாத கதையில் எதைத் தாண்டி வருவது? உலகம் முழுக்க டைனோசர்களை அவிழ்த்துவிட்டால் அவை தெருமாடு மாதிரி ஆகிவிடும்.

விஞ்ஞானப் பிழை பிடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிஜ வெலாசிராப்டர் வான்கோழி அளவுதான், இறகு இருந்ததற்கு 2007-ல் முன்கை எலும்பிலேயே தடயம் கிடைத்தது. டைலோபோசாரஸ் கழுத்தில் விசிறி இருந்ததற்கோ விஷம் துப்பியதற்கோ ஆதாரம் இல்லை. அசையாமல் நின்றால் டி-ரெக்ஸுக்குத் தெரியாது என்பதும் கற்பனை, அதற்குக் கூர்மையான பார்வை இருந்திருக்கும். ஆனால் படம் அந்த விதியை ஆரம்பத்திலேயே சொல்லி, நெருக்கடியில் அதன்படியே நடந்துகொள்கிறது. அசையாதவன் தப்புகிறான், தீப்பந்தத்தோடு ஓடியவன் அடிவாங்குகிறான். உங்கள் விதி பொய்யாக இருக்கட்டும், பாதியில் மட்டும் மாற்றாதீர்கள்.

தயவுசெய்து, என்னிடம் அனுப்புவதற்கு முன்னால் விலங்கு வரும் பக்கங்களை எல்லாம் எடுத்துவிட்டு மிச்சத்தைப் படித்துப் பாருங்கள். பயம் வருகிறதா? வராவிட்டால் பட்ஜெட் கேட்டு என்னிடம் வராதீர்கள், மேசைக்குத் திரும்பிப் போங்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

போன வாரத் திரைக்கதைக்காரரிடமும் இதையெல்லாம் தொலைபேசியில் முக்கால் மணி நேரம் சொன்னேன். தண்ணீர் டம்ளர், ஆடு, வேலி, எல்லாம். பொறுமையாகக் கேட்டார், குறித்துக்கொண்டார். நேற்று இரவு திருத்திய பிரதி வந்தது. ஆட்டைச் சேர்த்திருக்கிறார். மொத்தம் நாற்பது ஆடுகள், மூன்றாம் பக்கத்திலேயே.