டிஎல்எல்: சொல்லும் பழுதும்

பழைய மென்பொருள் ஒன்றைப் புதுக் கணினியில் நிறுவித் திறந்தால், சில நேரம் மென்பொருள் வராது, ஒரு சின்னப் பெட்டிதான் வரும். 'எம்எஸ்விசிஆர்100.டிஎல்எல் உங்கள் கணினியில் இல்லை, மென்பொருளை மறுபடி நிறுவிப் பாருங்கள்' என்கிற மாதிரி அதில் எழுதியிருக்கும். மறுபடி நிறுவினாலும் பல நேரம் அதே பெட்டிதான். அடுத்து எல்லோரும் செய்வது, அந்தக் கோப்பின் பெயரை அப்படியே தேடி, கண்ணில் படும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிக்கொள்வது. அது ஏன் கூடாது என்பதற்கான பதில் டிஎல்எல் என்ற பெயருக்குள்ளேயே இருக்கிறது.

டிஎல்எல் என்பதன் விரிவு டைனமிக் லிங்க் லைப்ரரி. கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கலாம். லைப்ரரிக்கு வேர் லத்தீனில் லிபெர். முதலில் மரத்தின் உட்பட்டை, பிறகு புத்தகம். நம் ஏடும் பனையோலையிலிருந்து புத்தகத்துக்கு வந்ததுதான். அதே வேரில் பிறந்த பிரெஞ்சுச் சொல்லான லிப்ரேரிக்கு இன்று புத்தகக் கடை என்று பொருள். நூலகத்துக்கு அவர்கள் வேறு சொல் வைத்திருக்கிறார்கள்.

கணினிக்குள் இந்தச் சொல் வந்தபோது அது உவமையாக வரவில்லை. 1949இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினி ஓடத் தொடங்கியது. வர்க்கமூலம், சைன், கொசைன் என்று அடிக்கடி தேவைப்படும் கணக்குகளை ஒவ்வொருவரும் புதிதாக எழுதிக்கொண்டிருக்கக் கூடாது என்று மாரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகியோர் அவற்றைத் துணைநிரல்களாக எழுதி, காகித நாடாவில் துளையிட்டு, சேர்த்து வைத்தார்கள். 1951 வாக்கில் 87 துணைநிரல்கள் இருந்தன. வேண்டியவர் வேண்டிய நாடாவை எடுத்துத் தன் நிரலின் நாடாவில் படியெடுத்துக்கொள்வார். ஆக, அது கையால் எடுத்து, திருப்பி வைக்கும் நிஜமான நூலகம்.

படியெடுத்துக்கொள்வது என்பதைக் கவனியுங்கள். துணைநிரல் உங்கள் நிரலுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பின்னாளில் ஸ்டாட்டிக் லிங்கிங் என்று பெயர் பெற்ற முறைக்கு இதுதான் மூதாதை. மென்பொருளை ஆக்கும்போதே எல்லாவற்றையும் உள்ளே சேர்த்துக் கட்டிவிட்டால் எதுவும் காணாமல் போக வழியில்லை. ஆனால் இடம் வீணாகும். பத்து மென்பொருள் இருந்தால் அதே துணைநிரலுக்குப் பத்துப் படி.

அந்த இணைப்பை மென்பொருள் ஓடும் நேரம் வரை தள்ளிவைத்தால் என்ன? அதுதான் டைனமிக். 1960களில் எம்ஐடி, பெல் ஆய்வகம், ஜெனரல் எலெக்ட்ரிக் சேர்ந்து உருவாக்கிய மல்டிக்ஸ் இயங்குதளத்திலேயே இது உண்டு. மைக்ரோசாஃப்ட் இதை 1985இல் வெளிவந்த முதல் விண்டோஸிலேயே கொண்டுவந்தது. அந்த விண்டோஸ் 256 கிலோபைட் நினைவகத்தில் ஓட வேண்டும். சாளரம் வரையும் நிரலை ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியாகச் சுமந்தால் கட்டுப்படியாகாது. கோயிலில் பொதுவாக ஒரு பெரிய அண்டா இருந்தால், கல்யாணம் நடத்தும் ஒவ்வொரு வீடும் அண்டா வாங்க வேண்டாம் அல்லவா, அந்தக் கணக்குதான். போய்ப் பார்க்கும் நாளில் அண்டா அங்கே இருக்க வேண்டும், அவ்வளவே.

தமிழில் இதற்கு 'இயங்குநிலை இணைப்பு நூலகம்' என்று ஒரு வழக்கு உண்டு. எனக்கு அது உவப்பாக இல்லை. நூலகமே ஏதோ இயங்கும் நிலையில் இருப்பதாகப் படிக்கத் தோன்றுகிறது. டைனமிக் என்பது லிங்க்குக்குத்தான் அடைமொழி, லைப்ரரிக்கு அல்ல. வினைத்தொகையாக 'இணைநூலகம்' என்று சுருக்கலாமே என்றால், முக்காலத்தையும் உள்ளடக்கும் அழகு அதில் இருந்தாலும், இணைப்பேராசிரியர் மாதிரி இன்னொரு நூலகத்துக்குத் துணையாக இருக்கும் நூலகம் என்று பொருள் திரிந்துவிடும். 'இயக்கநேர இணைப்பு நிரலகம்' என்பது என் தேர்வு. எதிர்ச்சொல் 'ஆக்கநேர இணைப்பு' என்று தானாகக் கிடைக்கிறது. நூலகம் என்ற சொல் கணித்தமிழில் நன்றாக ஊறிவிட்டது, அதை விடமாட்டேன் என்பவர்களோடு சண்டையில்லை. ஆனால் உள்ளே இருப்பது நூல் அல்ல, நிரல். பேச்சில் டிஎல்எல் டிஎல்எல்லாகவே இருக்கட்டும்.

சரி, பழுதுக்கு வருவோம். இயக்கநேரம் என்றால் இணைப்பு நடப்பது உங்கள் கணினியில். மென்பொருளை எழுதியவரின் கணினியில் அல்ல. அவரிடம் இருந்த நிரலகம் உங்களிடம் இல்லை என்பதைத்தான் அந்தப் பெட்டி சொல்கிறது. அந்தக் கோப்பு தனி ஆளும் இல்லை, ஒரு பொதியின், அதாவது பல கோப்புகளைச் சேர்த்துக் கட்டித் தரும் நிறுவல் தொகுப்பின், உறுப்பு. அதனால் கோப்பைத் தேடாமல் பொதியைத் தேட வேண்டும். தனிக் கோப்பை அள்ளிக் கொடுக்கும் தளங்களில் பதிப்பு எது, யார் கை வைத்தது என்று எதுவும் தெரியாது. அதோடு அந்தக் கோப்பு ஓடப்போவது உங்கள் மென்பொருளின் முழு அதிகாரத்தோடு.

எந்தப் பொதி என்று பெயரே காட்டிக்கொடுக்கும். எம்எஸ்விசிஆர், எம்எஸ்விசிபி, விசிரன்டைம் என்று தொடங்கினால் அது மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ என்ற நிரலாக்கக் கருவிக்கான ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் பொதி. பின்னால் வரும் எண் பதிப்பு: 80 என்றால் 2005, 90 என்றால் 2008, 100 என்றால் 2010, 110 என்றால் 2012, 120 என்றால் 2013, 140 என்றால் 2015உம் அதற்குப் பிந்தியவையும். 130 கிடையாது, 13ஐ மைக்ரோசாஃப்ட் தாண்டிக் குதித்துவிட்டது. புதியது இருந்தால் பழையதற்கும் போதும் என்று நினைக்க வேண்டாம். 2013 வரை ஒவ்வொன்றும் தனித்தனியாக வேண்டும். 2015இலிருந்துதான் ஒரே பொதி தொடர்ந்து வருகிறது.

பலர் தடுக்கி விழுவது இதற்கு அடுத்த படியில். கணினி 64 பிட் என்பதால் 64 பிட் பொதியை மட்டும் நிறுவுவார்கள், பெட்டி மறுபடி வரும். பழைய மென்பொருள் பெரும்பாலும் 32 பிட். அதற்கு வேண்டியது எக்ஸ்86 என்று குறித்த பொதி. இரண்டையும் நிறுவிவிடுவதே நிம்மதி. கோப்பைக் கையால் நகலெடுப்பவர்களுக்கு இன்னொரு பொறி: 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற அடைவில் (ஃபோல்டரில்) இருப்பவை 64 பிட் கோப்புகள், 32 பிட் கோப்புகள் இருக்குமிடம் சிஸ்வாவ்64. பெயர் வைத்தவரை என்ன சொல்வது! பழைய மென்பொருள்கள் சிஸ்டம்32 என்ற பெயரை நேரடியாக எழுதிவைத்திருந்ததால் அதை மாற்றாமல் விட்டார்கள். தவறான பிட்டைப் போட்டால், 007பி என்று முடியும் பிழை எண் ஒன்று வந்து நிற்கும்.

டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் பெயர் பழைய விளையாட்டுகளில் வரும். இவை விளையாட்டுகளின் வரைகலைக்கு உதவும் டைரக்ட்எக்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் நிரலகத் தொகுப்பைச் சேர்ந்த பெயர்கள். 'என்னிடம் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே' என்பார்கள். இருக்கும், ஆனால் டி3டிஎக்ஸ்9 கோப்புகள் அதன் பகுதியல்ல. மைக்ரோசாஃப்ட் 2010 ஜூனில் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் எண்ட் யூசர் ரன்டைம் பொதியை நிறுவினால் அவை வந்துவிடும்.

விஷுவல் பேசிக் 6இல் எழுதிய பில் போடும் நிரல்களும் கணக்கு நிரல்களும் இன்னும் சில கடைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதன் அடிப்படைக் கோப்பான எம்எஸ்விபிவிஎம்60 விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. காணாமல் போவது எம்எஸ்காம்சிடிஎல்.ஓசிஎக்ஸ் போன்ற துணைக் கோப்புகள். ஓசிஎக்ஸும் வேறு சட்டை போட்ட டிஎல்எல்தான். ஆனால் அதை வைத்தால் மட்டும் போதாது, பதிவும் செய்ய வேண்டும்: நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, சிஸ்வாவ்64 அடைவிலுள்ள ரெக்எஸ்விஆர்32 கட்டளையை அந்தக் கோப்பின் பெயரோடு கொடுக்க வேண்டும். மென்பொருளின் பழைய நிறுவல் குறுந்தகடு கையில் இருந்தால் முதலில் அதில் பாருங்கள். சரியான பதிப்பு பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

அந்த மாதிரிக் கிடைத்த சாதாரண டிஎல்எல்லைச் சிஸ்டம் அடைவில் போடாமல், மென்பொருளின் சொந்த அடைவிலேயே போடுங்கள். விண்டோஸ் பொதுவாக முதலில் தேடுவது அங்கேதான். 1990களில் ஒவ்வொரு மென்பொருளும் தன் பதிப்பைப் பொது அடைவில் கொட்டி, அடுத்தவரின் பதிப்பை அழித்ததால்தான் 'டிஎல்எல் ஹெல்' என்ற வசவே பிறந்தது. விண்டோஸ் 2000இல் அமைப்புக் கோப்புகளுக்குக் காவல் போட்டார்கள். எக்ஸ்பியில், ஒரே நிரலகத்தின் பல பதிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வழி செய்தார்கள். காணாமல் போனது விண்டோஸின் சொந்தக் கோப்பென்றால் எதையும் இறக்க வேண்டாம், எஸ்எஃப்சி கட்டளையை ஸ்கேன்நவ் என்ற தேர்வோடு ஓட்டினால் அதுவே சரிபார்த்து மீட்கும்.

சில நேரம் பெட்டி சொல்லும் கோப்பு கண்ணெதிரே இருக்கும், ஆனாலும் இல்லை என்று சாதிக்கும். அப்போது அந்தக் கோப்பு சார்ந்திருக்கும் இன்னொரு டிஎல்எல்தான் இல்லாமல் இருக்கலாம். டிபென்டன்சி வாக்கர் என்ற பழைய கருவி அந்தச் சங்கிலியை விரித்துக் காட்டும். லினக்ஸில் நிரலகக் கோப்புக்கு எஸ்ஓ என்று வால், சங்கிலியைக் காட்ட எல்டிடி கட்டளை. அங்கேயும் கோப்பை விட்டுவிட்டு அது எந்தப் பொதியில் இருக்கிறது என்று தேடுவதே வழி.

விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் மென்பொருளாக இருந்தால் மட்டும் இந்த முயற்சி எதுவும் உதவாது. 64 பிட் விண்டோஸ் அதை ஓட்டவே ஓட்டாது. அதற்கு மெய்நிகர் கணினியில் பழைய விண்டோஸைத்தான் நிறுவ வேண்டும்.