மத்தியானம் ஸ்கூல் விட்டப்புறம் நம்ம புள்ளைங்க எங்க போறாங்க?

இங்க தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல ஸ்கூல் விடுற நேரத்துல கேட்டுக்கு வெளிய பத்து நிமிஷம் நின்னு பாத்தீங்கன்னா எந்தப் புள்ளைக்கு படிப்பு எப்படி போகும்னு பாதி தெரிஞ்சுடும். கொஞ்சம் பேர் அம்மா கார்ல ஏறுவாங்க, கொஞ்சம் பேர் ஆஃப்டர்கேர்னு, அதாவது காசு கட்டி சாயங்காலம் வரைக்கும் பாத்துக்குற இடத்துக்கு, உள்ளயே திரும்பிப் போவாங்க, மிச்சப் பேரை மலுமே (சுலுல மாமா, வேன் ட்ரைவரை அப்படித்தான் கூப்பிடுவாங்க) ஒரு டொயோட்டா குவாண்டம் வேன்ல அடைச்சு ஏத்திட்டு, சுலு ஜனங்க இருக்குற உம்லாசி பக்கம் கிளம்பிடுவாரு. நான் இந்தியர்கள் அதிகமா இருக்குற சாட்ஸ்வொர்த் பக்கத்துல ஒரு ப்ரைமரி ஸ்கூல்ல லேர்னிங் சப்போர்ட் டீச்சர், வாசிக்க கஷ்டப்படுற புள்ளைங்கதான் எங்கிட்ட வரும், அதுல பெரும்பாலானது அந்த குவாண்டம்ல போற புள்ளைங்க.

இந்தியாவுலேர்ந்து வேலைக்கு வந்து அம்ஷ்லாங்கா, வெஸ்ட்வில் பக்கம் இருக்குற நம்ம ஆளுங்க என்னைப் பாத்தா "எந்த ட்யூஷன் நல்லாருக்கு மேடம்"னு கேப்பாங்க. நாலஞ்சு தலைமுறையா இங்கயே இருக்குற சாட்ஸ்வொர்த் குடும்பங்க "ஆஃப்டர்கேர் எவ்ளோம்மா"ன்னு கேக்கும். ரெண்டும் ஒரே கவலைதான், ஒருத்தர்ட்ட காசு இருக்கு இன்னொருத்தர்ட்ட இல்ல, அவ்ளோதான் வித்தியாசம்.

மொதல்ல ஒரு கணக்கு. இங்க அரசு பாடத்திட்டப்படி க்ரேட் ஆர்லேர்ந்து (ஒண்ணாம் க்ளாஸுக்கு முந்தின வருஷம்) க்ரேட் 2 வரைக்கும் வாரத்துக்கு 23 மணி நேரம் பாடம், க்ரேட் 3-க்கு 25, க்ரேட் 4 லேர்ந்து 6 வரைக்கும் 27.5. சின்னப் புள்ளைங்க ஒரு மணி ஒன்றரைக்கெல்லாம் வெளிய வந்துடும். அம்மா கடையிலயோ ஃபேக்டரியிலயோ வேலை முடிச்சு ரெண்டு ஷேர் டாக்ஸி மாறி வீடு வர ஆறு ஆயிடும். ஒரு மணிலேர்ந்து ஆறு வரைக்கும்னு வச்சா வாரத்துக்கு 25 மணி நேரம், க்ளாஸ்ல உக்காந்து பாடம் படிச்ச நேரத்தை விட ஜாஸ்தி. இந்த 25 மணி நேரத்துக்கு யாருமே பொறுப்பு இல்ல.

பொறுப்பு இல்லன்னா நெஜமாவே இல்ல. ஸ்கூல் நேரம்னா அது கல்வித் துறை. காசு வாங்கினாலும் வாங்காட்டியும், ஆறு பேருக்கு மேல புள்ளைங்களை ஒரு இடத்துல வச்சுப் பாத்துக்கிட்டா அது சில்ட்ரன்ஸ் ஆக்ட் படி பார்ஷியல் கேர், அதை சமூக மேம்பாட்டுத் துறையில ரெஜிஸ்டர் பண்ணணும். க்ரவுண்டும் லைப்ரரியும் ஹாலும் முனிசிபாலிட்டி கையில. விளையாட்டுக்கு இன்னொரு டிபார்ட்மென்ட். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் சொந்தம்னு ஆகி கடைசில யாரும் பட்ஜெட் போடாத விஷயமா நிக்குது. வெஸ்டர்ன் கேப்ல இதை வேற மாதிரி எடுத்தாங்க, 2010லேர்ந்து மோட் சென்டர்னு ஏழை ஏரியா ஸ்கூல்கள்லயே மத்தியானம் விளையாட்டும் கலையும் சொல்லித்தர்ற ஏற்பாடு, அதை நடத்துறது அந்த மாகாணத்தோட கலாச்சார விளையாட்டுத் துறை, அப்புறம் இயர்பியாண்ட்னு 18 வயசு தாண்டுன பசங்களை ஒரு வருஷம் ஸ்டைபெண்ட் குடுத்து சின்னப் புள்ளைங்களுக்கு வாசிப்பும் கணக்கும் சொல்லித்தர வச்சாங்க. எல்லாம் பிரமாதம்னு சொல்ல வரல. ஆனா மத்தியானத்துக்குன்னு ஒரு மாகாணமே திட்டம் போட முடியும்னு அதுல தெரியுது, நம்ம குவாசுலு நட்டால்ல அதைக் கேக்கவே ஆள் இல்லாம இருக்கு.

2021-ல எடுத்த பெர்ல்ஸ்ங்குற சர்வதேச வாசிப்புப் பரீட்சையில தென்னாப்பிரிக்காவுல க்ரேட் 4 புள்ளைங்கள்ல 81 சதவீதம் பேருக்கு படிச்சதுக்கு அர்த்தம் புரியலன்னு வந்துச்சு, அதுக்கு முன்னாடி 2016-ல 78. கொரோனா மூடலுக்கு அப்புறம் இன்னும் கீழ போயிருக்கு. ஆனா லீவு நாள்ல அரசாங்கம் காசு செலவு பண்ணி நடத்துற வின்டர் ஸ்கூல், ஸ்ப்ரிங் கேம்ப் எல்லாம் பாத்தா பெரும்பாலும் மெட்ரிக், அதாவது க்ரேட் 12 பசங்களுக்குத்தான். ரிசல்ட் பேப்பர்ல வரும், மந்திரி வந்து போட்டோ எடுப்பாரு, அதனால. ஒன்பது வயசுல வாசிக்க வராத புள்ளைக்கு பதினெட்டு வயசுல கேம்ப் போட்டு என்ன பிரயோஜனம்? இதுல எனக்கு கோபம் இருக்கு, மறைக்கல.

இந்த விஷயத்துல ரொம்ப நாளா ஆராய்ச்சி பண்றது அமெரிக்காக்காரங்க, அங்க கோடை லீவு ரெண்டு ரெண்டரை மாசம் நீளும். பால்டிமோர்ல கார்ல் அலெக்சாண்டர் டீம் வருஷக்கணக்கா ஒரே புள்ளைங்களைத் தொடர்ந்து பாத்து, பணக்கார ஏழைப் புள்ளைங்களுக்கு நடுவுல ஒன்பதாம் க்ளாஸ்ல இருக்குற இடைவெளியில சுமார் மூணுல ரெண்டு பங்கு கோடை லீவுகள்ல உண்டானதுன்னு 2007-ல எழுதுனாங்க. இதை அப்படியே நம்பிடாதீங்க, பரீட்சை மார்க்கைக் கணக்கு போட்ட விதத்துலயே கோளாறு இருக்குன்னு பால் வான் ஹிப்பல் 2019-ல கேள்வி கேட்டாரு, சண்டை இன்னும் ஓயல. அதை விட எனக்கு உபயோகமா இருந்தது ரேண்ட்ங்குற அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனம் பாஸ்டன், டல்லாஸ் உட்பட அஞ்சு ஊர்ல 2013, 2014 கோடையில பண்ணது. இலவச கேம்ப், காலைல பாடம், மத்தியானம் விளையாட்டு, அஞ்சாறு வாரம், சாப்பாடும் பஸ்ஸும் சேத்து. அதுல 20 நாளோ அதுக்கு மேலயோ வந்த புள்ளைங்களுக்குத்தான் தெளிவா பலன் தெரிஞ்சுச்சு, பேரு குடுத்துட்டு பாதியில நின்ன புள்ளைங்களுக்கு பெருசா ஒண்ணும் இல்ல. அப்போ திட்டம் இருக்கா இல்லையாங்குறது பாதிக் கேள்விதான், புள்ள தினம் வந்து சேர முடியுதாங்குறதுதான் மீதிப் பாதி.

வந்து சேர்றதுன்னா சாப்பாடும் வண்டியும். நான் இத்தனை வருஷத்துல பாத்தது இதுதான், சிலபஸ் பத்தி மீட்டிங் மீட்டிங்கா பேசுவோம், இந்த ரெண்டைப் பத்தி பேச மாட்டோம்.

சாப்பாட்டை எடுத்துக்குங்க. 1994-ல ஆரம்பிச்ச ஸ்கூல் சத்துணவுத் திட்டம் இப்ப 90 லட்சம் புள்ளைங்களுக்கு மேல சோறு போடுது, நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனா அது காலைல பத்து மணி வாக்குல குடுக்குற சாப்பாடு, அதுவும் முக்கியமா குவின்டைல் 1 லேர்ந்து 3 வரைக்கும் உள்ள ஸ்கூலுக்கு (ஸ்கூல்களை அஞ்சா பிரிச்சிருக்காங்க, 1 ரொம்ப ஏழை, 5 வசதியானது). ரெண்டு மணிக்கு அந்தப் புள்ளைக்கு திரும்ப பசிக்கும். போன வருஷம் க்ரேட் 3 பையன் ஒருத்தன், காலைல நல்லா வாசிப்பான், மத்தியானம் நான் வச்ச க்ரூப்ல மேஜை மேல தலையை சாய்ச்சுடுவான். அவனோட ஆயா ஒரு நாள் கூட்டிட்டுப் போக வந்தப்ப கேட்டேன், "ஆயா, பையன் மத்தியானம் என்ன சாப்புடுறான்?" அவங்க சொன்னது: "ப்ரெட் இருந்தா குடுப்பேன்மா, இல்லன்னா டீதான். அவங்கம்மா வந்துதான் சமைக்கணும், எனக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் நிக்க முடியல." அடுத்த வாரத்துலேர்ந்து க்ரூப் ஆரம்பிக்கும்போதே பீநட் பட்டர் சாண்ட்விச்சும் ஒரு வாழைப்பழமும் குடுத்தேன், பையன் முழிச்சுக்கிட்டு இருந்தான். கவனக்குறைவுக்கு டெஸ்ட் பண்ணுங்கன்னு க்ளாஸ் டீச்சர் எழுதிக்குடுத்த ஃபாரம் இன்னும் என் ஃபைல்ல சும்மா கெடக்கு.

வண்டி இன்னும் மோசம். மலுமே வண்டி ஸ்கூல் விட்டதும் ஒரு ட்ரிப்தான் அடிப்பாரு, மூன்றரைக்கு இன்னொரு தடவை வரணும்னா அவருக்கு டீசல் காசு யாரு குடுக்குறது? அதனால ஸ்கூல்ல இலவசமா ரீடிங் க்ளப் வச்சாலும் அதுல உக்காருறது பக்கத்து தெருப் புள்ளைங்களும் கார் வச்ச வீட்டுப் புள்ளைங்களும்தான். ரெஜிஸ்டர்ல 40 பேர், ஃபுல் அட்டெண்டன்ஸ்னு ரிப்போர்ட் அழகா போகும். உம்லாசியிலேர்ந்து வர்ற புள்ள அந்த லிஸ்ட்லயே இல்லன்னு யாரும் எண்ண மாட்டாங்க. ப்ரோக்ராம் நடத்துறவங்க யாரா இருந்தாலும் வந்தவங்களை எண்ணுறதோட நிறுத்தாம ஸ்கூல் லிஸ்ட்டைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வராத புள்ளை யாரு, எந்த ஏரியா, எந்த வண்டின்னு பாருங்க, ரெண்டே வாரத்துல விஷயம் புரிஞ்சுடும். எங்க ஸ்கூல்ல ரெண்டு ட்ரைவர்ட்ட பேசி, வாரத்துல மூணு நாள் லேட் ட்ரிப்புக்கு டீசல் காசை ஒரு கடைக்காரர் ஏத்துக்கிட்டாரு. அதுக்கப்புறம்தான் நெஜமா தேவைப்பட்ட புள்ளைங்க உள்ள வந்தாங்க.

காசு விஷயம் கொஞ்சம் சிக்கல், ஆனா பெத்தவங்களுக்கு தெரிஞ்சே ஆகணும். ஏழைப் புள்ளைங்களுக்கு அரசாங்கம் குடுக்குற சைல்ட் சப்போர்ட் க்ராண்ட் 2025 ஏப்ரல்ல மாசம் 560 ரேண்டா இருந்துச்சு. பல ஆஃப்டர்கேர் ஃபீஸ் அதை விட அதிகம், அப்புறம் எங்க சேக்குறது? சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் மாதிரி இந்தியர் ஏரியா ஸ்கூல்கள் நெறையா இன்னும் குவின்டைல் 4, 5-ல கெடக்குது, ஏன்னா சுத்தி இருக்குற ஏரியாவைப் பாத்துதான் ராங்க் போடுறாங்க, உள்ள உக்காந்திருக்குற புள்ளை எங்கேர்ந்து வருதுன்னு பாக்குறதில்ல. அப்போ ஃபீஸும் உண்டு, அரசாங்க மானியமும் கம்மி. ஆனா ஃபீஸ் விலக்கு சட்டத்துலயே இருக்கு. புள்ளை பேர்ல க்ராண்ட் வாங்குறீங்கன்னா ஸ்கூல் ஃபீஸ்லேர்ந்து விலக்கு தானாவே உண்டு. இல்லாட்டியும் அப்பா அம்மா ரெண்டு பேரோட வருஷ வருமானத்துல ஃபீஸ் 10 சதவீதமோ அதுக்கு மேலயோ வந்தா முழு விலக்கு, 2-க்கும் 10-க்கும் நடுவுல இருந்தா பகுதி விலக்கு. முக்கியமானது என்னன்னா அந்தக் கணக்குல ஃபீஸ் மட்டும் இல்ல, ஸ்கூல் நடத்துற ப்ரோக்ராமுக்கு நீங்க கூடுதலா கட்டுற காசையும் சேத்துதான் போடணும். ஸ்கூலே ஆஃப்டர்கேர் நடத்துதுன்னா அந்த ரசீதையும் வச்சு அப்ளிகேஷன் குடுங்க. ஆஃப்டர்கேர் காசு இதுல தள்ளுபடி ஆகாது, ஆனா விலக்கு கணக்கு உங்க பக்கம் சாயும். கூச்சப்பட்டுக்கிட்டு கேக்காம விடுற குடும்பம்தான் அதிகம், நம்மாளுங்களுக்கு "அடுத்தவன் என்ன நெனப்பான்"னு ஒரு வியாதி.

இப்ப, மத்தியானம் புள்ளைங்களை வச்சுப் பாத்துக்க நம்ம கோயில் ஹால் விஷயத்துக்கு வர்றேன். 1860 நவம்பர் 16-ல ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்லேர்ந்து நம்ம ஜனங்களை ஒப்பந்தக் கூலிகளா கொண்டாந்து இங்க இறக்கிவிட்ட காலத்துலேர்ந்து அரசாங்கம் அவங்களுக்குப் போதுமான ஸ்கூல் கட்டிக்குடுக்கல. கரும்புத் தோட்டத்துல வேலை முடிச்சு வந்து கோயில்லயும் சபாவுலயும் ராத்திரிப் பாடம் வச்சாங்க, அப்புறம் சில்லறை சில்லறையா காசு சேத்து இவங்களே கட்டடம் கட்டி, அரசாங்கம் மானியம் குடுக்க ஸ்டேட் எய்டட் ஸ்கூல்னு நடத்துனாங்க. இனவாரியா ஜனங்களைப் பிரிச்சு வச்ச க்ரூப் ஏரியாஸ் சட்டத்துல சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளிவிட்டப்புறம் எடம் பத்தாம ஒரே கட்டடத்துல காலைல ஒரு ஸ்கூல் மத்தியானம் ஒரு ஸ்கூல்னு ப்ளட்டூன் முறையில படிச்ச ஆயாக்கள் தாத்தாக்கள் இன்னும் இருக்காங்க, கேட்டுப் பாருங்க. மத்தியானம் க்ளாஸ் நடத்துறது நமக்குப் புதுசு ஒண்ணும் இல்ல.

இன்னிக்கு கோயில் ஹால்களைப் பாருங்க. காவடிக்கு வர்ற கூட்டத்துக்கு கட்டுனது, பெரிய கிச்சன், கேஸ் பர்னர், அண்டா, வரிசையா டாய்லெட், வேலி, கேட், பார்க்கிங் எல்லாம் இருக்கு, வார நாள்ல பூட்டிக் கெடக்கு. நாப்பது புள்ளைங்களுக்கு சுகர் பீன்ஸ் கறியும் சோறும் அந்தக் கிச்சன்ல ஒரு மணி நேர வேலை. அதுவும் சைவம், முஸ்லிம் புள்ளைங்களும் சாப்புடலாம். ஆனா ஒண்ணு, இங்க தமிழ்க் குடும்பங்கள்ல பாதிக்குப் பாதி சில தெருவுல சர்ச்சுக்குப் போறவங்க, கோயில் வளாகத்துக்குள்ள புள்ளையை அனுப்ப யோசிப்பாங்க, அது அவங்க இஷ்டம், அந்தத் தெருவுல சர்ச் ஹாலைக் கேளுங்க. சில கமிட்டில "நம்ம புள்ளைங்களுக்கு மட்டும்"னு ஒரு பேச்சு வரும். குவாண்டம்ல வர்ற சுலு புள்ளையும் நம்ம புள்ளையும் ஒரே பெஞ்ச்சுல உக்காந்து படிக்குது, மத்தியானம் மட்டும் பிரிச்சு வைக்கணுமா? எனக்கு அதுல சமாதானமே கெடையாது.

ஆரம்பிக்கிறவங்களுக்கு பாதுகாப்பு பத்தி கறாரா சொல்றேன், நல்ல மனசுல வர்ற வாலன்டியரா இருந்தாலும் சரி, அர்ச்சகரோட மச்சானா இருந்தாலும் சரி, சில்ட்ரன்ஸ் ஆக்ட் படி விண்ணப்பம் போட்டு குழந்தைகள் பாதுகாப்பு ரெஜிஸ்டர்ல பேரு இல்லன்னு கன்ஃபர்ம் பண்ணணும், பாலியல் குற்றவாளி ரெஜிஸ்டர்லயும் பாக்கணும். தனியா ஒரு பெரியவர் ஒரு புள்ளையோட மூடுன ரூம்ல இருக்கக் கூடாது. யாரு கூட்டிட்டுப் போறாங்கன்னு தினம் கையெழுத்து. நடத்த ஆள் வேணும்னா, 2020 டிசம்பர்லேர்ந்து 18 டு 35 வயசு பசங்களை ஸ்கூல் அசிஸ்டன்டா எடுத்த ஜனாதிபதி வேலைவாய்ப்புத் திட்டத்துல பழகுன பசங்க உங்க தெருவுலயே வேலை இல்லாம இருப்பாங்க, புள்ளைங்களைக் கையாளத் தெரியும், கொஞ்சமாவது சம்பளம் குடுங்க. சும்மா வந்து செய்னு சொன்னா மூணாவது வாரம் வர மாட்டாங்க, அவங்களும் டாக்ஸி காசு குடுத்துதான் வரணும்.

அங்க என்ன பண்றதுன்னு ரொம்ப யோசிக்காதீங்க. ஹோம்வொர்க் அரை மணி, சத்தமா கதை வாசிச்சுக் காட்டுறது அரை மணி, புள்ளைங்க ஜோடியா வாசிக்கிறது, மிச்சம் விளையாட்டு. நலிபாலிங்குற வாசிப்பு இயக்கம் போடுற கதைங்க இங்கிலீஷ்லயும் சுலுலயும் கெடைக்கும், சுலு தெரிஞ்ச அசிஸ்டன்ட் ஒருத்தர் இருந்தா ரெண்டு மொழிலயும் வாசிக்கலாம். ஒர்க்‌ஷீட் கட்டுக்கட்டா ஜெராக்ஸ் எடுத்து வந்து நிக்காதீங்க, காலைலேர்ந்து அதான் பண்ணிட்டு வந்திருக்கு பாவம்.

டிசம்பர் லீவு தனிக் கதை. கிட்டத்தட்ட அஞ்சு வாரம், ஃபேக்டரி மூடும், ஆனா மால்ல கேஷியர், செக்யூரிட்டி, ஆஸ்பத்திரி வேலை பாக்குற அம்மாக்களுக்கு அப்பதான் ராத்திரி வரைக்கும் ஷிப்ட். அமெரிக்கா மாதிரி பெரிய கேம்ப் தேவையில்ல, கிறிஸ்துமஸ் முடிஞ்சு ஸ்கூல் திறக்குறதுக்கு முன்னாடி ஜனவரில ரெண்டு வாரம், அதோட ஜூன் ஜூலை லீவுல ரெண்டு வாரம், சேந்தா 20 நாள் வந்துடும். கலிஃபோர்னியாவுல 2021-ல போட்ட திட்டத்துல ஸ்கூலும் மத்தியானமும் சேத்து நாளைக்கு 9 மணி நேரம், அது போக லீவுல 30 நாள்னு மாகாணம் முழுக்க வரையறை வச்சு, ஏழைப் புள்ளைங்க அதிகம் உள்ள இடத்துக்கு அதிக காசுன்னு பிரிச்சாங்க. நம்ம மாகாணத்துல எம்பிஎல் (மாகாண சட்டசபை உறுப்பினர்) யாராவது ஹாலுக்கு ஓட்டு கேட்டு வந்தா இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க: மெட்ரிக் கேம்ப்புக்கு எவ்ளோ, க்ரேட் 3-க்கு எவ்ளோ?

கமிட்டில பேசும்போது மொத மொத வர்ற ஆட்சேபணை இன்ஷூரன்ஸ், ரெண்டாவது ஹாலை யாரு கூட்டிப் பெருக்குறது, மூணாவது சாவு வீட்டுக்கு ஹால் கேட்டா என்ன பண்றதுன்னு. மூணும் நியாயமான கேள்விதான். பப்ளிக் லயபிளிட்டி பாலிசி ஏற்கனவே இருக்கான்னு ட்ரெஷரர்ட்ட கேளுங்க, இருந்தா புள்ளைங்க ப்ரோக்ராமும் அதுல கவர் ஆகுதான்னு எழுத்துல வாங்குங்க. சாவு விழுந்தா அன்னிக்கு பின்னாடி உள்ள சின்ன ரூமுக்கு மாறிக்கலாம்னு முன்னாடியே பேசி வச்சுக்குங்க. திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் மட்டும் கேளுங்க, வெள்ளிக்கிழமை வேண்டாம், சனிக்கிழமை கல்யாணத்துக்கு டெக்கரேஷன் ஆளுங்க அன்னிக்கு மத்தியானமே சேர் எறக்க வந்துடுவாங்க.