‘தடையற்ற பின்னணி’ அன்று, ‘இடையறா ஒலிப்பு’

பழைய குறுந்தகட்டு இயக்கி ஒன்றை வாங்க எண்ணிய நண்பர், அதன் சிறப்புகளைத் தமிழில் விளக்கியிருந்த ஒரு பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டினார். ‘தடையற்ற பின்னணி வசதி உண்டு’ என்ற இடம் வந்ததும் எதற்குப் பின்னணி என்று கேட்டேன். அவரால் விடை சொல்ல முடியவில்லை. கைப்பேசி இசைச் செயலிகளிலும் இதே தொடரைப் பலமுறை பார்த்துவிட்ட பிறகு இனியும் வாளாவிருத்தல் தகாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

மூலச்சொல் ‘கேப்லெஸ் பிளேபேக்’. கேப் என்பது இடைவெளி. லெஸ் என்பது இன்மை. பிளேபேக் என்பது பதிந்து வைத்த ஒலியை மீண்டும் ஒலிக்கச் செய்வது. ஒரு பாடல் முடிந்து அடுத்தது தொடங்கும்போது நடுவே கருவி தானாக மௌனத்தைப் புகுத்தாதிருப்பதே இதன் பொருள்.

இசைக் குறுந்தகட்டுக்கு (ஈழத்தவர் வழக்கில் இறுவட்டு) இது இயல்பிலேயே அமைந்த பண்பு. பிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் 1980-இல் வகுத்த நெறிப்படி, தகட்டின் உள்விளிம்பிலிருந்து வெளிநோக்கி ஒரே சுருளாக ஒலி பதிந்திருக்கிறது. பாடல்களின் எல்லை என்பது தகட்டின் தொடக்கத்திலுள்ள பொருளடக்கத்தில் நிமிடம், நொடி, நொடியில் 75-இல் ஒரு பங்கு என்று குறிக்கப்பட்ட இடமேயன்றி, சுருளில் வெட்டு எதுவுமில்லை. வீட்டுக் கணினியில் தகடு எழுதத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. பாடல் பாடலாக எழுதும் முறையில் ஒவ்வொன்றுக்கும் இடையே 2 நொடி மௌனம் புகுந்தது. முழுத் தகட்டையும் ஒரே மூச்சில் எழுதினால் அது நீங்கியது. எம்பி3 கோப்புகள் நிறைந்த தகடுகளில் நிலைமை இன்னும் மோசம். அவ்வடிவம் ஒலியை 1152 மாதிரிகள் (ஒலியின் நுண்ணிய அளவீடுகள்) கொண்ட துண்டுகளாகவே சேமிப்பதால், பாடலின் முனைகளில் வெற்றொலி ஒட்டிக்கொள்கிறது. அடுத்த கோப்பைத் தேடித் திறக்கும் நேரமும் அதனோடு சேர்கிறது. கச்சேரிப் பதிவொன்றில் ஆலாபனையும் தானமும் பல்லவியும் தனித்தனிப் பாடலெண்களாகப் பிரிக்கப்பட்டிருக்கையில், தம்புராவின் சுருதி எல்லைதோறும் அறுந்து மீண்டும் தொடங்குவதைக் கேட்டவர்களுக்கு இந்தச் சொல்லின் தேவை விளங்கும்.

இனிப் ‘பின்னணி’க்கு வருகிறேன். திரைப்படப் பாடகரைப் பின்னணிப் பாடகர் என்றது சிறந்த ஆக்கம். நடிகர் திரையில் வாயசைக்க, பாடியவர் திரைக்குப் பின்னே நிற்கிறார். அங்கே நம்மவர்கள் ஆங்கிலச் சொல்லை உடைத்துப் பெயர்க்கவில்லை. நிகழ்வைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். பதிந்த பாட்டைப் படப்பிடிப்புத் தளத்தில் மீண்டும் ஒலிக்கவிட்டதால் ஆங்கிலத்தில் பிளேபேக் என்று பெயர் வந்தது. அந்தப் ‘பேக்’கின் பொருள் ‘மீள’ என்பதே, ‘பின்னே’ என்பதன்று. இதை அறியாத மொழிபெயர்ப்பாளர், அகராதியில் பிளேபேக்குக்கு நேரே பின்னணி என்று கண்டவுடன் அதைப் பெயர்த்தெடுத்து இசைக் கருவியில் நட்டுவிட்டார். கைப்பேசியில் வேறு வேலை பார்க்கும்போதும் பாட்டு ஓடிக்கொண்டிருப்பதற்கும் ‘பின்னணி இயக்கம்’ என்றே பெயர். ஒரே பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கையில், எதை அழுத்தினால் எது நடக்கும் என்று பயன்படுத்துவோர் எப்படி அறிவார்?

‘தடையற்ற’ என்பதும் பொருந்தவில்லை. தடை என்பது வெளியிலிருந்து குறுக்கிடுவது. தகட்டில் கீறல் விழுந்து பாட்டு துள்ளுவது தடை; கையடக்க இயக்கி நடையில் குலுங்கி, தகட்டைப் படிக்கும் லேசர் கதிர் தடம் தவறுவதும் தடை. அந்தக் குலுக்கத்தைச் சமாளிக்கச் சில நொடி ஒலியை நினைவகத்தில் முன்கூட்டியே சேர்த்துவைக்கும் வசதி பல இயக்கிகளில் இருந்தது. ‘தடையற்ற’ என்ற அடை அதற்கே உரியது. இரண்டு பாடல்களுக்கிடையிலான மௌனம் அத்தகைய தடையன்று, இடையில் விழும் அறுப்பு. ‘இடையறாத’ என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொல்லிலேயே இந்தப் பொருள் முழுமையாக இருக்கிறது. ஆகவே ‘இடையறா ஒலிப்பு’ என்கிறேன். ‘மீளொலிப்பு’ வேர்ப்பொருளுக்கு இன்னும் நெருக்கமானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதே கருவியில் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் பொத்தானும் இருப்பதால், ‘மீள்’ என்ற சொல் அங்கே குழப்பம் விளைவிக்கும்.

இதே கருவிகளிலுள்ள ‘இன்ட்ரோ ஸ்கேன்’ பொத்தானுக்கும் இக்கதியே நேர்ந்திருக்கிறது. அதை அழுத்தினால் ஒவ்வொரு பாடலின் தொடக்கமும் பெரும்பாலும் 10 நொடி மட்டும் ஒலித்து அடுத்ததற்குத் தாவும். வேண்டியது வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். இதனை ‘அறிமுக வருடல்’ என்கிறார்கள். தாளின்மேல் ஒளி மெல்லத் தடவிச் செல்வதால் படமெடுக்கும் ஸ்கேனர் கருவியை வருடி என்றது அழகு. இங்கோ கதிர் ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குத் தாவுகிறது, வருடுவதற்கு எதுவுமில்லை. அறிமுகம் செய்து வைப்பாரும் இல்லை. ‘முன்னோட்டம்’ சற்றுத் தேவலாம். எனினும் வெளிவரவிருக்கும் படத்துக்கென்று அச்சொல் நிலைத்துவிட்டது.

நம் பழைய பதிப்பாசிரியர்கள் இதற்கான சொல்லை நூலின் இறுதிப் பக்கங்களிலேயே வைத்துச் சென்றிருக்கிறார்கள். பாட்டின் முதற்சொற்களைக் கொண்டு பாட்டைக் கண்டுபிடிக்க அவர்கள் சேர்த்த பட்டியலுக்குப் பாட்டு முதற்குறிப்பு அகராதி என்று பெயர். கண்ணால் அங்கே செய்வதைக் காதால் இங்கே செய்கிறோம்; ஆதலால் இது ‘முதற்குறிப்புத் தேடல்’. பொத்தானில் இடம் போதாதென்றால் ‘முதற்குறிப்பு’ என்று மட்டும் பொறித்தாலும் போதும்.