நனைந்த கையோடு மலையிறங்காதீர்கள்

நீலகிரி அடிவாரத்தில் அவசர சிகிச்சை மருத்துவராகப் பணிபுரியும் எனக்கு, மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரே வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது: "ரோடு வழுக்கிடுச்சு சார்." கடந்த வாரமும் அதே வாக்கியத்தோடு ஒரு மோட்டார் சைக்கிள் குழு வந்தது. உதகையிலிருந்து குன்னூர் வழியாக மழையில் இறங்கிய அந்த வரிசையில் நடுவில் வந்த இளைஞர், கொண்டை ஊசி வளைவின் தடுப்புச்சுவரில் மோதிக் காறை எலும்பையும் இடது மணிக்கட்டையும் முறித்துக்கொண்டிருந்தார். அடிபட்ட கையைக் காட்டிலும் அவருடைய அடிபடாத வலது கைதான் எனக்குக் கவலையளித்தது. விரல்கள் வெளிறிப்போய், ஒரு கையாலேயே விடுவிக்கக்கூடிய தலைக்கவசக் கொக்கியைக்கூட அவரால் விடுவிக்க முடியவில்லை. அந்தக் கையை நம்பித்தான் அவர் முன்சக்கர பிரேக்கைப் பிடித்து இறங்கி வந்திருக்கிறார். சாலை எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் நனைந்திருந்தது; அதே வளைவை அவருக்கு முன்னும் பின்னும் வந்தவர்கள் விழாமல் கடந்திருந்தார்கள்.

அவருடைய நண்பர்களிடம் குளிரைப் பற்றிக் கேட்டபோது, அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "இது என்ன சார் லடாக்கா?" என்றார். என்னை இதை எழுத வைத்தது அந்தச் சிரிப்புதான். பனி பெய்கிற ஊரில்தான் குளிர் மனிதனைத் தாக்கும், நம் மலைகளில் இருப்பது அனுபவித்து ரசிக்க வேண்டிய குளிர்ச்சி மட்டுமே என்ற நம்பிக்கை படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடின்றி வேரூன்றிக் கிடக்கிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. உதகை ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறைகிறது என்று கொண்டால், காலையில் கீழே 28 டிகிரியில் மெல்லிய பருத்திச் சட்டையோடு கிளம்பியவர், இரண்டு மணி நேரத்தில் 16 டிகிரிக்குள் நுழைந்துவிடுகிறார். மழை பிடித்தால் அது இன்னும் இறங்கும். நின்றுகொண்டிருப்பவருக்கு இது ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும் குளிர், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் நிற்கவில்லை. வெப்பநிலை 10 டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் தோல், உலர்ந்திருந்தாலும்கூட, ஐந்தாறு டிகிரிக் குளிரில் நிற்பதைப் போன்ற வேகத்தில் வெப்பத்தை இழக்கிறது. உடையும் நனைந்துவிட்டால் கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது, ஏனெனில் தண்ணீர் காற்றைப் போல இருபது மடங்குக்கும் அதிகமான வேகத்தில் உடலிலிருந்து வெப்பத்தைக் கடத்திச் செல்லக்கூடியது. நனைந்த ஜீன்ஸ் உங்களைக் காப்பதில்லை; அது உங்கள் தொடைமீது சுற்றிய ஈரத்துணி.

ஹைப்போதெர்மியா எனப்படும் உடல்வெப்பக் குறைவு என்பது, உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகும் நிலை. நான் சொல்லும் விபத்துகளுக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. உள்ளுறுப்புகளைக் காப்பாற்றுவதற்காக உடல் முதலில் கைவிடுவது விரல்களைத்தான். கிளட்சையும் பிரேக்கையும் பிடித்திருப்பவையும் அதே விரல்கள்தான். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் நகர்கிறது. பிரேக் பிடிக்க அரை நொடி தாமதமானாலும் ஒரு காரின் நீளத்தைவிட அதிகமாக முன்னே போய்விடுகிறீர்கள், அதுவும் வளைவில். இதைவிட மோசமானது என்னவென்றால், குளிர் மூளையையும் மந்தப்படுத்துவதால், தனக்கு ஏதோ ஆகிறது என்பதைக் கடைசியாகத் தெரிந்துகொள்பவர் குளிர்ந்தவரே. "எனக்கு ஒண்ணும் இல்லடா, போலாம்" என்று அவர் சொல்வதை நண்பர்கள் ஒருபோதும் நம்பக் கூடாது. பேச்சுக் குழறுவதும் நடை தள்ளாடுவதும் குளிரின் அறிகுறிகள். அவற்றைப் பார்த்துவிட்டுக் குடித்திருக்கிறான் என்று முடிவுகட்டுவதை நான் பொதுமக்களிடம் மட்டுமல்லாமல் எங்கள் துறையினரிடமும் கண்டிருக்கிறேன்.

குடி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. குளிருக்கு இதமாக ஒரு மடக்கு பிராந்தி என்ற மூடத்தனத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, உள்ளே மிஞ்சியிருக்கும் வெப்பத்தையும் வெளியே அனுப்பிவிடும். சூடேறியது போன்ற உணர்வு வெறும் ஏமாற்று. மரத்துப்போன கையைச் சைலன்சரிடம் காட்டிச் சூடேற்றுபவர்களும் உண்டு. சுடுவதே தெரியாமல் கொப்புளம் போட்ட விரல்களுக்கு எங்களிடம்தான் கட்டுப்போட வருகிறார்கள்.

இதில் குழுவின் பங்கு என்ன? தனியாக வந்திருந்தால் அந்த இளைஞர் ஏதாவது ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கியிருப்பார். குழுவாக வந்ததால் ஒதுங்கவில்லை. முன்னால் போகிறவரின் சிவப்பு விளக்கைத் தவறவிட்டால், கோத்தகிரிப் பாதையா குன்னூர்ப் பாதையா என்பதுகூடத் தெரியாமல் மூடுபனியில் மாட்டிக்கொள்வோம் என்ற அச்சமும், தன் ஒருவனால் மற்றவர்கள் நிற்க வேண்டுமே என்ற கூச்சமும் சேர்ந்து, தன் கைக்குப் பொருந்தாத வேகத்தில் அவரை இறங்க வைத்துவிட்டன. இந்த அச்சத்தைப் போக்கும் பொறுப்பு முன்னால் செல்பவருடையது. பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் தலைவருக்கு அடுத்து வருபவர் ஓரமாக நின்று, கடைசி வண்டி வந்து சேரும்வரை வழிகாட்டிவிட்டுப் புறப்படும் வழக்கம் அனுபவமுள்ள குழுக்களில் நெடுநாளாக இருக்கிறது. அதைக் கடைப்பிடித்தால் யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை. சமவெளியில் இடமும் வலமுமாக மாறி மாறி அணிவகுப்பதை மலையில் விட்டுவிட்டு, ஒற்றை வரிசையில், போதிய இடைவெளியோடு வாருங்கள். புதியவரைக் கடைசியில் தள்ளாமல் வரிசையின் முன்பகுதியில் ஓட்டச் சொல்லுங்கள். கடைசியில் வர வேண்டியவர் குழுவிலேயே அனுபவம் மிக்கவர்.

நிறுத்தும் ஒவ்வோர் இடத்திலும் புகைப்படம் எடுப்பதற்கு முன் ஒரு சோதனையைச் செய்யுங்கள். கையுறையைக் கழற்றி, கட்டைவிரல் நுனியால் அதே கையின் சுண்டுவிரல் நுனியை வேகமாகச் சில முறை தொடச் சொல்லுங்கள். தொட முடியாதவர் வண்டியைத் தொடக் கூடாது. உலர்ந்த உடை, கூரை, சூடான இனிப்புத் தேநீர் ஆகியவற்றுக்குப் பின் விரல்கள் பழையபடி இயங்கினால் மட்டுமே பயணம். இல்லையென்றால் அங்கேயே தங்குங்கள். மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்பு எடுத்தால் என்ன குடி முழுகிப்போகும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வானிலையைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம் என்பார்கள். எந்த ஊருக்குப் பார்த்தீர்கள் என்று கேட்டால் உதகை என்பார்கள். நீலகிரி ஒரே வானத்தின் கீழ் இருக்கும் மலையன்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம் பக்கம் கொட்டும்போது குன்னூரில் வெயில் அடிக்கலாம். அக்டோபர், நவம்பரில் குன்னூரும் கோத்தகிரியும் நனைந்து மண்சரிவு அபாயத்தில் இருக்கும்போது மேற்குச் சரிவு அமைதியாக இருக்கலாம். கோவையிலிருந்து குன்னூர், உதகை வழியாகக் கூடலூர் இறங்கும் குழு, ஒரே நாளில் இரண்டு வானிலைகளைக் கடக்கிறது. பாதை நெடுகிலும் உள்ள ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் பாருங்கள்.

கோடைக்காக வாங்கிய வலைத்துணி ஜாக்கெட்டின் உள்ளே மழை உறையைப் போடுவதைவிட, எல்லாவற்றுக்கும் மேலே மழைக்கோட்டை அணிவது நல்லது, அதையும் முதல் துளி விழும்போதே அணியுங்கள்; நனைந்த பிறகு போடுவது ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதாகும். உலர்ந்த கையுறை இன்னொரு ஜோடி கட்டாயம் வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் அறுவைச் சிகிச்சை ரப்பர் கையுறையை உள்ளே போட்டுக்கொண்டாலே ஈரம் பெருமளவு தடுக்கப்படும், செலவும் மிகக் குறைவு. மூடுபனியில் விளக்கைத் தாழ்ந்த ஒளியிலேயே வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிடாதீர்கள், நீங்கள் எந்தப் பக்கம் திரும்புவீர்கள் என்று பின்னால் வரும் பேருந்து ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்? நியூட்ரலில் இறங்குபவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் விழுந்துவிட்டால், தயவுசெய்து கையையும் காலையும் பிடித்துத் தூக்கி வழியில் வந்த காரில் திணிக்காதீர்கள். பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்க ஒருவரை வளைவுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு, 108-ஐ அழையுங்கள். மூச்சு சீராக இருந்தால் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். மூச்சு தடைபட்டால் ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் தாங்க, மற்றவர் மெதுவாகக் கழற்ற வேண்டும். குடிக்க எதையும் கொடுக்காதீர்கள், தேநீரும் தண்ணீரும் உட்பட, அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். முக்கியமாக, அவரை உலர்வாக மூடுங்கள், குளிர்ந்த தரை வெப்பத்தை உறிஞ்சுமாதலால் முடிந்த அளவு அசைக்காமல் உடலுக்கு அடியிலும் ஏதாவது விரியுங்கள். உடல் குளிரக் குளிர ரத்தம் உறையும் திறன் குறைகிறது. பிழைத்திருக்க வேண்டிய காயங்களில்கூட ரத்தப்போக்கு நிற்காமல் போவதற்கு அது ஒரு காரணம். வழியில் காண்பவர்களும் போலீஸ் தொல்லைக்குப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லும்படி மருத்துவமனையில் யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.