200 மனை, ஒரே ஒரு வாய்க்கால்

புது மனைப்பிரிவின் வரைபடம், அனுமதி தரும் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அலுவலகத்துக்குப் போனால் முதலில் பார்ப்பது சாலை அகலம், மனை அளவு, பூங்கா இடம். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது. இதையெல்லாம் ஸ்கேல் வைத்தே சரிபார்த்துவிடலாம். ஆனால் தாளில் தட்டையாகத் தெரியும் நிலம் உண்மையில் எந்தப் பக்கம் சரிகிறது என்பது லெவல் எடுத்தால்தான், அதாவது இடத்துக்கு இடம் தரைமட்டத்தை அளந்தால்தான் தெரியும். பொறியாளரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கணக்குக்கு 5 ஹெக்டேர், அதாவது 12 ஏக்கர் சொச்சம் நிலத்தில் 200 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்று வைத்துக்கொள்வோம். பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது நம் நாட்டு வடிவமைப்பு அளவு. மொத்தம் 1,08,000 லிட்டர். அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும். நாள் முழுக்கப் பரப்பிப் பார்த்தால் நொடிக்கு 1 லிட்டர்தான். காலை ஏழு மணிக்கு எல்லோரும் ஒன்றாகக் குளிப்பார்கள் என்று அதை மும்மடங்காக்கினாலும் 3 லிட்டர்.

ஓட்டம் இவ்வளவு குறைவாக இருப்பதே சிக்கல். கழிவுநீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடாவிட்டால் கசடு குழாயிலேயே தங்கிவிடும். அதற்கு 100 மீட்டருக்கு 40 சென்டிமீட்டராவது சரிவு வேண்டும். 1 மீட்டர் ஆழத்தில் தொடங்கும் குழாய் 300 மீட்டர் போவதற்குள் 2.2 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். ஊரின் மேன்ஹோலில் சாக்கடைக் குழாய் அதைவிட மேலே இருந்தால் பம்பு வைத்துத்தான் ஏற்ற வேண்டும். அப்புறம் அந்தப் பம்புக்கு யார் மின்கட்டணம் கட்டுவது என்ற பேச்சு.

மின்சாரம் இவ்வளவு படுத்தாது. 200 வீடும் ஒரே நேரத்தில் ஏசி, மோட்டார், கிரைண்டர் எல்லாவற்றையும் ஓட்டுவதில்லை என்பதால், மொத்தச் சுமையில் ஒரு பங்கைக் கணக்கிட்டு டிரான்ஸ்ஃபார்மரின் அளவை முடிவு செய்வார்கள். அதை வைக்க இடம் விட்டிருக்கிறார்களா என்று பார்த்தால் போதும்.

மழைநீர் அப்படியல்ல. மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டுகிறது என்று கொள்வோம். வயலாக இருந்தபோது அதில் கால் பங்கு மண்ணில் இறங்காமல் ஓடியிருந்தால், இந்த 5 ஹெக்டேரிலிருந்து நொடிக்கு 175 லிட்டர் வெளியேறியிருக்கும். கூரையும் சிமெண்ட் சாலையும் வந்தபின் மூன்றில் இரண்டு பங்கு ஓடும். நொடிக்கு 460 லிட்டருக்கும் மேல். கழிவுநீரைப் போல 150 மடங்கு. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியபோது முடிச்சூர் பக்கம் வீடுகள் மூழ்கியதற்கு அடையாறு கரைமீறியது முதல் காரணம். ஆனால் ஆறு எட்டாத இடங்களிலும் தெருவில் தண்ணீர் நிற்பதை ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் பார்க்கிறோம்.

தாழ்வான நிலமாக இருந்தால் நீர்வளத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். இத்தனை உயரத்துக்கு மண் நிரப்ப வேண்டும் என்று அதில் சொல்லியிருப்பார்கள். வாங்குபவருக்கு நல்லதுதான். ஆனால் முன்பு அந்த நிலத்தில் தேங்கிய தண்ணீர் இப்போது எங்கே நிற்கும்? பக்கத்து மனைக்காரர் வாசலில். எல்லைக் கோட்டுக்குள் மட்டும் பார்க்கும் ஆய்வு, என்னைக் கேட்டால், பாதி ஆய்வுதான். பூங்காவுக்கென விடும் இடத்தை நிலத்தின் தாழ்ந்த மூலையில் குளம்போல அமைத்தால், பெருமழையின் முதல் அரைமணி நேரத் தண்ணீரில் ஒரு பகுதியையாவது பிடித்து வைக்கலாம்.

இன்னொரு தவறு நுழைவாயிலில் நடக்கும். தீயணைப்பு வண்டி திரும்ப வளைவு போதுமா, பிரதான சாலையில் வரும் பஸ் கண்ணுக்குத் தெரியுமா என்றெல்லாம் பார்த்துவிட்டு, சாலையோர வாய்க்காலைக் கடக்க ஒரு குழாயைப் போட்டு மேலே மண் கொட்டிவிடுவார்கள். 200 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவில் 300 மில்லிமீட்டர் குழாய் நொடிக்குச் சுமார் 70 லிட்டர்தான் கடத்தும். விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் கொள்ளளவு ஆறு மடங்குக்கு மேல் கூடும். 600 மில்லிமீட்டர் குழாய் 430 லிட்டர் வரை தாங்கும். நம் மனைப்பிரிவின் 460 லிட்டருக்கே அது போதாது. அந்த வாய்க்காலில் மேலேயிருந்து ஏற்கெனவே வரும் தண்ணீரை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.