கம்யூனிட்டி காலேஜ்ல இருந்து யூசிக்கு: டேக்னா என்ன, எப்ப பிளான் பண்ணணும்

கலிபோர்னியால ஹைஸ்கூல் முடிச்ச புள்ளைக்கு யூசில, அதாவது யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியால, சீட் கிடைக்கலன்னா நம்மாளுங்க வீட்ல இழவு விழுந்த மாதிரி ஆயிடுது, கம்யூனிட்டி காலேஜ்னு வெளிய சொல்லவே கூச்சப்படறாங்க. எதுக்குன்னுதான் புரியல. ஸ்டேட் ரெசிடென்ட்டுக்கு ஒரு யூனிட்டுக்கு (ஒவ்வொரு கிளாஸுக்கும் இத்தனைன்னு போடற கணக்கு) 46 டாலர்தான், ரெண்டு வருஷம் அங்க படிச்சுட்டு மூணாவது வருஷம் நேரா யூசில போய் சேரலாம், கடைசில வாங்கற டிகிரி யூசி டிகிரிதான். கண்டிஷன முடிச்சா சீட் உறுதின்னு சொல்ற ஸ்கீமும் இருக்கு, அதுதான் டேக், டிரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரண்டி.

இத ஆறு கேம்பஸ்தான் குடுக்குது: டேவிஸ், அர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோல டிரான்ஸ்ஃபர் எடுப்பாங்க, உறுதியெல்லாம் கிடையாது. ஒருத்தர் ஒரு கேம்பஸுக்குத்தான் டேக் போட முடியும், சேரப்போற வருஷத்துக்கு முந்தின செப்டம்பர் 1ல இருந்து 30க்குள்ள. டேக் போட்டாச்சேன்னு உக்காந்துடாதீங்க, மெயின் யூசி அப்ளிகேஷன அக்டோபர் நவம்பர்ல தனியா போட்டாத்தான் டேக் செல்லும், அப்புறம் ஜனவரில கிரேடு அப்டேட் வேற பண்ணணும்.

மொத்தம் 60 செமஸ்டர் யூனிட் வேணும், குவார்ட்டர் (செமஸ்டர விட சின்ன டெர்ம்) காலேஜ்னா 90. ஃப்ரீமான்ட் ஓலோனி செமஸ்டர், கூப்பர்ட்டினோ டி அன்சா குவார்ட்டர், ரெண்டுலயும் கிளாஸ் எடுக்கறவங்க மாத்தி கணக்கு போட்டுக்கங்க. யூசி கேக்கற குறைஞ்சபட்ச ஜிபிஏ (நாலுக்கு கிரேடு சராசரி) 2.4, வெளி ஸ்டேட், வெளிநாட்டு ஸ்டூடன்ட்டுக்கு 2.8. டேக்குக்கு இதவிட அதிகம் கேப்பாங்க, கேம்பஸுக்கு கேம்பஸ், மேஜருக்கு மேஜர் (எடுக்கற முக்கிய பாடம்) மாறும், சில கேம்பஸ்ல சில மேஜருக்கு டேக்கே கிடையாது.

நிறைய பேர் மாட்டறது ஜிபிஏல இல்ல, கிளாஸ் வரிசைல. இன்ஜினியரிங்னு வைங்க, கால்குலஸ் ஒண்ணு, ரெண்டு, மூணு, லீனியர் ஆல்ஜீப்ரா, டிஃபரென்ஷியல் ஈக்வேஷன், கூடவே கால்குலஸ் போட்ட பிசிக்ஸ் சீரிஸ், எல்லாம் ஒண்ண முடிச்சாத்தான் அடுத்தது. முதல் செமஸ்டர்ல ப்ரீகால்குலஸ் எடுத்தா நாலு செமஸ்டரும் கால்குலஸ் மூணோட தீந்துடும், பிசிக்ஸ் மூணாவது செமஸ்டர்லதான் ஆரம்பிக்கவே முடியும். அதனால காலேஜ் திறக்கறதுக்கு முன்னாடி சம்மர்லயே ஒரு மேத் கிளாஸ தள்ளி விட்டுடுங்க. எந்த கிளாஸ் எந்த யூசி கிளாஸுக்கு ஈடுன்னு அசிஸ்ட் வெப்சைட்ல ஃப்ரீயா பாக்கலாம், நம்ம காலேஜ், போகப்போற கேம்பஸ், மேஜர் மூணையும் போட்டா லிஸ்ட் வந்துடும். முதல் வாரமே பாருங்க, கவுன்சிலர் அப்பாயின்ட்மென்ட்டுக்கு போறப்ப அத பிரின்ட் எடுத்துட்டு போங்க, வெறுங்கையோட போனா பொதுவா எதாச்சும் சொல்லி அனுப்பிடுவாங்க.

ஜெனரல் எஜுகேஷனுக்கு, அதாவது மேஜர் தவிர எடுக்க வேண்டிய பொது கிளாஸுக்கு, 2025 ஃபால்ல இருந்து கால்கெட்சின்னு ஒரே லிஸ்ட், யூசி, சிஎஸ்யூ (கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) ரெண்டுக்கும் செல்லும், 34 யூனிட். இன்ஜினியரிங், சயின்ஸ் பசங்க இத முழுசா முடிக்கணும்னு மேஜர் கிளாஸ விட்டுடாதீங்க, அவங்களுக்கு மேஜர்தான் முதல்ல.

சிஎஸ்யூ போதும்னா ஏடிடி, அதாவது அசோசியேட் டிகிரி ஃபார் டிரான்ஸ்ஃபர்னு, கம்யூனிட்டி காலேஜ்ல ஒரு டிகிரி இருக்கு, 2010ல சட்டம் போட்டு கொண்டு வந்தது. அத முடிச்சா சிஎஸ்யூல எங்கயாவது ஒரு சீட் உறுதி, பாக்கி 60 யூனிட்ல பேச்சிலர்ஸ் முடிக்கலாம். எந்த கேம்பஸ்னு மட்டும் உறுதி இல்ல, சான் ஹோசே கேட்டவருக்கு வேற ஊர் வரலாம், வீட்ல இருந்து போய் வர பிளான் இருந்தா இத முதல்லயே யோசிச்சுக்கங்க.