பேலன்சர்: சமன்தண்டா, சமநிலைத் தண்டா?

"பேலன்சர் போயிடுச்சு, அதான் அதிருது." மலேசியாவில் செந்தூலானாலும் பட்டர்வர்த்தானாலும் மோட்டார் சைக்கிள் கடையில் போர்மன் சொல்லும் பேச்சு இது. ஒற்றை சிலிண்டர் இஞ்சினில் பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு கிராங்க். அதற்குப் பக்கத்தில், கிராங்கின் அதே வேகத்தில் எதிர்த்திசையில் சுற்றும் எடை வைத்த தண்டுக்குத்தான் பேலன்சர் என்று பெயர். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஆங்கில 'பேலன்ஸ்' பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. 'பி' என்றால் இரண்டு, 'லான்க்ஸ்' என்றால் தட்டு. ஆக, இருதட்டுத் தராசு. தமிழும் 'சமன்' என்ற சொல்லைத் தராசோடுதான் வைத்திருக்கிறது: "சமன்செய்து சீர்தூக்குங் கோல்" என்பது 118ஆம் குறள். அங்கே சமன் என்பது செய்யப்படும் வேலை. அதனால்தான் 'சமநிலைத் தண்டு' சரியில்லை என்கிறோம். சமநிலை ஒரு நிலை. கேட்பவர் மோட்டார் சாயாமல் நிற்க உதவும் பாகம் என்று எண்ணிவிடுவார். 'சமன்தண்டு' என்றால் சமன்செய்யும் தண்டு. கிராங்கிலேயே இருக்கும் கனத்துக்கு 'எதிரெடை' போதும்.

இரண்டையும் பிரித்துச் சொல்லக் காரணம் உண்டு. மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் தொகுதி 120 கிராம், கிராங்கின் ஆரம் 25 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 6000 சுற்றில் அது இஞ்சினை ஏறத்தாழ 120 கிலோ விசையோடு உலுக்கும். 3000 சுற்றில் 30 கிலோதான். வேகம் இரண்டு மடங்கானால் உலுக்கல் நான்கு மடங்கு. இதை முழுவதும் எதிரெடையால் அடக்கப் பார்த்தால், மேல்கீழ் ஆட்டம் முன்பின் ஆட்டமாக மாறும், அவ்வளவே. எனவே பொதுவாகப் பாதியளவுக்குத்தான் எதிரெடை வைப்பார்கள். மிஞ்சும் பாதி கிராங்குக்கு எதிர்த்திசையில் சுற்றும் விசையாக நிற்கும். அதைப் பிடிக்கத்தான் எதிர்த்திசையில் சுற்றும் சமன்தண்டு. இதற்குப் பிறகும் உயர் வேகத்தில் கைப்பிடியில் சன்னமான அதிர்வு இருக்கும். அது கிராங்கைப் போல இரு மடங்கு வேகத்தில் வருவது, இந்தத் தண்டால் போகாது.

இஞ்சினைப் பிரித்துப் பூட்டியதும் அதிர்வு கூடினால், முதலில் மார்க்கைப் பாருங்கள். கிராங்க் பல்சக்கரத்தின் புள்ளியும் சமன்தண்டுப் பல்சக்கரத்தின் புள்ளியும் நேருக்கு நேர் சேர வேண்டும். 36 பல் சக்கரத்தில் ஒரு பல் தவறினால் 10 பாகை விலகும்; அடங்கியிருந்த பாதியில் ஆறில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும். நேர் எதிராக மாட்டினால் அந்தப் பாதி இரட்டிப்பாகும்.

ஹோண்டா ஈஎக்ஸ்5 போன்ற 100 சிசி காப்சாய்களில் (சிறிய மோட்டார் சைக்கிள்களில்) இந்தத் தண்டே கிடையாது. அங்கே 'பேலன்சர்' என்று தேடுவது வீண். இஞ்சினைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறதா, கிராங்க் மறுபடி அழுத்திப் பூட்டப்பட்டிருந்தால் டயல் கேஜில் (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் அளவியில்) கோணல் காட்டுகிறதா என்று பாருங்கள். பிளாக் துளைத்துப் பெரிய பிஸ்டன் போட்டிருந்தால் பழையதையும் புதியதையும் பின், ரிங்கோடு சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். 15 கிராம் கூடுதல் என்றால், அதே ஆரத்தில் 8000 சுற்றுக்கு 27 கிலோ கூடுதல் உலுக்கல்.